உத்திராபதி ஏற்பாடு செய்த மாசி மகம்

குமராட்சிப் பக்கத்து நெல்வயல்களுக்கு நடுவே பிறந்த உத்திராபதிக்குச் சேற்றில் கால் வைப்பது இழுக்கு. ஐம்பதை நெருங்குவதற்குள் காப்பீட்டு முகவர், மனைத் தரகர், கைப்பேசிக் கடைக்காரர் என்று மூன்று வேடம் கட்டி, மூன்றையும் பாதியில் கலைத்தார். அடுத்த வேடம் சுற்றுலா வழிகாட்டி. அதற்கு அவர் செய்துகொண்ட ஆயத்தம் ஒரு தொப்பியும் ஒரு கறுப்புக் கண்ணாடியும்.

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தின் வரலாறு அவர் வாயில் மிகச் சுருங்கிப்போனது. கருங்கல் என்றால் சோழன். செங்கல் என்றால் வெள்ளைக்காரன். ஆண்டு கேட்டால், "ஆயிரம் வருஷம் இருக்கும் சார்" என்பார். தேவனாம்பட்டினத்துக் கோட்டைச் சுவருக்கும் ஆயிரம். பிச்சாவரத்துச் சுரபுன்னை மரங்களுக்கும் ஆயிரம். படித்த கூட்டமும் தலையாட்டிவிட்டுப் படமெடுத்துக்கொள்ளும். பொய்யை உழைத்துச் சொல்பவரிடமாவது சிறிது மரியாதை தோன்றும். இவர் அதற்கும் சோம்பினார்.

இப்படிப்பட்டவருக்கும் ஒரு நல்வாய்ப்பு வந்தது. புதுச்சேரியில் ஒரு பயண நிறுவனம் நிலையான வழிகாட்டியைத் தேடியது. அதன் மேலாளர் ப்ரீத்தி, வடநாட்டுப் பயணிகள் நிறைந்த வண்டியுடன் தாமே வந்து பார்ப்பதாகச் சொன்னார். வேலை கிடைத்தால் பிழைத்தார். தவறினால் மச்சான் கார்த்திகேசனின் உரக்கடையில் மூட்டைகளுக்குக் காவல் இருக்க வேண்டும்.

கிள்ளைக்கு அப்பால் உள்ள ஒரு மீனவர் குப்பத்தில், கரையேறும் மீனை அங்கேயே வறுத்துப் பரிமாறுவதாக உத்திராபதி வாக்களித்திருந்தார். வண்டி போய் நின்றபோது படகுகள் யாவும் மணலில் கிடந்தன. அடுப்பொன்றும் புகையவில்லை.

தெரிந்த படகோட்டி எழிலனைத் தனியே இழுத்தார். "இன்னாப்பா, மீனு எங்க?"

"மீனா? மாசி மகம் மாமா இன்னிக்கி."

"மகம்னு எனக்குந்தான் தெரியும். மீனு எங்க?"

"சாமி கடலுக்கு வருது. எவன் மாமா வல போடுவான்? ஊருக்குள்ள கவுச்சியே கிடையாது. இந்தப் பக்கந்தான பொறந்த?"

அந்தப் பக்கந்தான் பிறந்தார். ஆனால், மீனவர் என்றால் நாள்தோறும் மீன் பிடிப்பவர். அவர்களுக்கென்று நாளும் நோன்பும் உண்டு என்று எண்ணிப் பார்க்கும் வழக்கம் அவர் வீட்டில் எவருக்கும் இருந்ததில்லை.

அதற்குள் மேளம் கேட்டது. அம்மனைத் தோளில் சுமந்து ஊர் திரண்டு வந்தது. ப்ரீத்தி வண்டியிலிருந்து இறங்கி, "சார், லஞ்ச் எங்க?" என்றார்.

"லஞ்ச் அப்புறம் மேடம். மொதல்ல ஷோ. ஒங்களுக்காகவே ஸ்பெஷலா ஏற்பாடு பண்ணிருக்கேன்." சொல்லும்போது அவருக்கு நாக் கூசவில்லை.

பயணிகள் கைப்பேசிகளுடன் ஓடினர். அம்மனின் சூலத்தைக் கடலில் முழுக்காட்டிக் கரையேற்றினார் பூசாரி. ப்ரீத்தி விரைந்து வந்தார். "லைட் சரியா விழலையாம் சார். இன்னொரு தடவ முக்கச் சொல்லுங்க."

உத்திராபதி இரண்டு எட்டு முன்னே போய்ப் பூசாரியை நோக்கிக் கையசைத்தார். அலையில் நனைந்த புடவையோடு நின்ற மீன்காரர் தில்லையம்மாள் அதைப் பார்த்துவிட்டார்.

"யாருய்யா நீ, தொப்பி? சாமி இன்னா ஒங்க வூட்டு வேலக்காரியா, நீ கை காட்டுனா முங்கி முங்கி எந்திரிக்க? ஆசையா இருந்தா நீ முங்கு. நாங்க போட்டோ புடிக்கிறோம்."

கரையே சிரித்தது. எழிலன் சிரிப்பை மறைக்க முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ப்ரீத்தி தாழ்ந்த குரலில் கேட்டார்: "இவங்க நீங்க ஏற்பாடு பண்ண ஆளுங்கதானே?"

"ஆமா மேடம். நம்ம ஆளுங்க. கொஞ்சம் உரிமையா பேசுவாங்க."

ப்ரீத்தி நம்பினார். நம்பாமலிருக்க வேண்டுமானால், அவருக்கும் அந்தக் கரையைப் பற்றி ஏதேனும் தெரிந்திருக்க வேண்டும்.

மீன் இல்லாத குறையைச் சிதம்பரத்து உணவகம் ஒன்றின் சாம்பார் ஈடுகட்டியது. அங்கேயே ப்ரீத்தி தீர்ப்புச் சொன்னார். "க்ளையன்ட்ஸ் எல்லாம் ஹேப்பி. இனிமே நீங்கதான் சார் நம்ம கைடு. ஒண்ணே ஒண்ணு. அந்த ஷோவ மாசா மாசம் ரெண்டாவது சனிக்கிழமை வெச்சுடுங்க."

ஆண்டுக்கு ஒருமுறை வருவதுதான் மாசி மகம் என்று சொல்வதற்கு வாய் ஒருமுறை திறந்தது. திறந்த வாயில் ஒரு கவளம் சோற்றை வைத்தார்.

"வெச்சுடலாம் மேடம்," என்று மென்றுகொண்டே சொல்லிவிட்டு, இன்னோர் அப்பளம் கேட்டார் உத்திராபதி.