‘குறை’ என்றொரு கட்டம்

இம்மாதத்தின் முதற் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடத்திற்கு, ஜுனைதீனின் மனைவி சுலைஹா தொலைபேசியில் அழைத்தார். (சங்கத்தின் அறிவித்தலில் திங்கள் என்று வெளிவந்தது பிழை.) “அவரு போயிட்டாரு, அண்ணன்” என்றார். மறுநாள் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பின் அடக்கம் செய்தோம். மண் உறைந்து கிடந்தது.

இங்கே சென்ட் லோரன்டில் ஒரு மருந்துக் களஞ்சியத்தில் வேலை செய்த அவரை உங்களிற் பலர் அறிவீர்கள். மட்டக்களப்புப் பக்கத்திலுள்ள தம் ஊர்ப் பெண்கள் கருவாட்டையும் நெல்லையும் ஆடுகளையும் தரகரின்றிக் கைபேசியிலேயே விற்பதற்கு அவர் ஒரு செயலியை உருவாக்கினார். வட்டிக் கடன் வாங்கவில்லை. முதலிட்ட நாங்கள் ஆறு பேரும் இலாபத்தைப் போல நட்டத்தையும் பகிர்வதென்பது ஏற்பாடு. இஸ்லாமியப் பொருளியலை அவர் மேடையில் பேசியதில்லை. பொருளின் பெயர், விலை ஆகியவற்றின் கீழே ‘குறை’ என்றொரு கட்டத்தை வைத்தார். அதை நிரப்பாமல் எந்த விளம்பரமும் வெளியாகாது.

“தம்பி, உப்பிடி எழுதினால் ஆர் வாங்குவினம்?” என்று கேட்டேன்.

“மறைச்சு வித்தா ஒருக்காத்தான் விக்கலாம், அண்ணன். அதில பறக்கத்தும் இல்ல, வந்த காசு நிலைக்காது.”

சனிக்கிழமைகளில் இங்கே காலை எட்டரை மணிக்கு, அங்கே பொழுது சாயும் வேளையில், அந்தப் பெண்களுக்குச் செயலியைப் பழக்கும் காணொளி வகுப்பு. ஒருமுறை ஒரு பெண் தன் ஆட்டின் குறையை, “சொன்னாக் கேக்காது, எங்கட ஊட்டுக்காரரப் போல” என்று பதிந்தார். ஜுனைதீன் சிரிக்காமல் சொன்னார்: “தங்கச்சி, இதில ஆட்டுட குறைய மட்டும் எழுதுங்க. அவர விக்கேக்க அவருக்கு வேற பக்கம் திறப்பம்.”

நோன்புக்கு முந்திய திங்கட்கிழமை செயலி தயாராக வேண்டுமென்று நாள் குறித்தவன் நான். பெருநாள் விற்பனை தவறிவிடக் கூடாதென்று தினமும் நினைவூட்டினேன். ரொக்ஸ்பரோவில் என் வீட்டுக்கு வந்தபோது அவருடைய சட்டை தோளில் தொங்கியது.

“நல்லா மெலிஞ்சு போனீர்” என்றேன்.

“குளிருக்குச் சாப்பாடு இறங்குதில்ல, அண்ணன்.”

அடுத்ததாக, செயலியில் எவ்வளவு வேலை மிச்சம் என்று கேட்டேன். குறித்த திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அது இயங்கியது. ஒரு நாளும் பிந்தவில்லை என்று பலரிடம் பெருமைப்பட்டேன்.

அடக்கம் முடிந்து வீட்டிற்குச் சென்றபோது சுலைஹா சொன்னார்: “எட்டு மாசம் காத்திருந்த ஆஸ்பத்திரி ஸ்கேன், நீங்க குறிச்ச திங்களுக்கு முந்தின வெள்ளிக்கிழமதான் கிடைச்சிச்சு. உங்கட நாளுக்கு முடிக்கணுமெண்டு அத மாத்திட்டாரு. அடுத்தது கிடைக்க அஞ்சு மாசம் போயிட்டு, அதுக்குள்ள நோய் முத்திட்டு. உங்களுக்குச் சொல்ல வேணாமெண்டும் சொன்னாரு.”

ஓர் ஆட்டின் குறையைக்கூட மறைக்க விடாதவர், தம்முடையதை என்னிடம் மறைத்துவிட்டார்.

அந்த வாரச் சனிக்கிழமை வகுப்பை அந்தப் பெண்களே நடத்தினார்கள். நானும் இணைந்திருந்தேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு கட்டத்தைத்தான். அதை நிரப்பாமல் இந்த அஞ்சலியும் வெளியாகக் கூடாது.

குறை: நாள் குறித்தவன் நான். அவர் மெலிந்ததைக் கண்டும் செயலியைப் பற்றியே கேட்டேன்.