நூல் கோனில் முட்டையிட்ட மீன்

"பெத்ததையே திங்குதே, ஏன் பிரியா?" என்று ஜோதி அக்கா கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்தவள் என்றுதான் என்னிடம் கேட்டார். நான் படித்ததில் இது இல்லை. தொட்டிக்குள் இரண்டு ஏஞ்சல் மீன்களும் ஒன்றும் நடக்காததுபோல நீந்திக்கொண்டிருந்தன. காலையில் முட்டைகள் ஒட்டியிருந்த இடம் வழித்தெடுத்ததுபோல வெறுமையாக இருந்தது.

ஜோதி அக்கா வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. வெண்ணந்தூரில் எங்கள் தெரு முழுக்க விசைத்தறிதான். அக்கா வீட்டில் நான்கு தறிகள். இரண்டை அக்கா பார்ப்பார், இரண்டை அவர் கணவர் பிரபாகர் அண்ணன். அக்காவின் மாமியார் சாரதாமணி அம்மா மூலையில் உட்கார்ந்து, குறுக்கு நூலைச் சின்னக் குச்சிகளில் ஏற்றித் தார் சுற்றுவார். மேலே படிப்பதா, வேலைக்குப் போவதா என்று எங்கள் வீட்டில் முடிவாகாமல் இருந்ததால் நானும் அங்கே போய்விடுவேன். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியாது.

தறி ஓடும்போது பேசினால் காதில் விழாது. அதனால் அங்கே கையால்தான் பேச்சு. கட்டைவிரலை உதட்டுக்குக் கொண்டுபோனால் டீ. இரண்டு விரலைக் கத்திரிபோல அசைத்தால் இழை அறுந்துவிட்டது. உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்ல ஆட்டினால், எல்லாம் சரியாக ஓடுகிறது, கை வைக்காதே. இருபது வருடம் அப்படியே பேசிப் பழகியதால் அக்கா கடைத்தெருவில்கூடப் பாதி வார்த்தையைக் கையால்தான் சொல்வார்.

தறிக்கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே உள்ள சுவர் அலமாரியில்தான் தொட்டி இருந்தது. அக்கா தனக்கென்று கேட்டு வாங்கிய பொருள் அது ஒன்றுதான் என்று பிரபாகர் அண்ணன் சொல்வார். இழை அறுந்து தறி நிற்கும் நேரங்களில் அக்கா ஒரு எட்டு வந்து மீனைப் பார்த்துவிட்டுப் போவார். ஏஞ்சல், சிக்லிட் இனத்தைச் சேர்ந்த மீன். ஆணும் பெண்ணும் சேர்ந்து முட்டையைக் காவல் காக்கும், துடுப்பால் விசிறி நல்ல தண்ணீர் படவைக்கும். முட்டையிட நேரான பரப்பு வேண்டும் என்று யாரோ சொல்ல, அக்கா நூல் தீர்ந்த ஒரு பிளாஸ்டிக் கோனைக் கழுவித் தொட்டிக்குள் நிறுத்தினார். அதன்மேல்தான் முட்டையிட்டன. அன்றைக்குத்தான் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தினார்கள். சாயங்காலத்துக்குள் முட்டைகளைத் தின்றுவிட்டன.

சேலத்தில் மீன் விற்ற கடைக்காரர் ஈஸ்வரிடம் அக்கா போனில் கேட்டார். "பயந்தா தின்னுருமுங்க. சத்தம், ஆள் நடமாட்டம் ஆகாது" என்றார் அவர்.

அடுத்த முறை முட்டையிட்ட அன்று அக்கா நான்கு தறிகளையும் நிறுத்தச் சொன்னார்.

"நான் காய்ச்சல்ல கெடந்தப்பக்கூட தறி நிக்கலை" என்றார் பிரபாகர் அண்ணன்.

"நீங்க முட்டை போடலைங்களே" என்றார் அக்கா.

தறி நின்றது. கால் கொலுசைக் கூடக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தோம். மறுநாள் பார்த்தால் கோன் வெறுமை.

அதற்குப் பிறகுதான் சாரதாமணி அம்மா வாய் திறந்தார். அவர் மகள் மோனிஷாவை ஓமலூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு இங்கே வரப்போகிறாள். "பெத்ததைத் திங்கற சீவனை ஊட்டுக்குள்ள வெச்சுக்கிட்டுப் புள்ளத்தாச்சியை எப்படிக் கூட்டியாறது? ரெண்டு தடவை பாத்தாச்சு. இன்னொரு தடவை தின்னுச்சுன்னா, மோனிஷா வாறதுக்குள்ள தொட்டி வெளிய போயிரோணும்."

"சரிங்க அத்தை" என்றார் அக்கா. ஆனால் அன்றைக்கு அவர் தறியில் இழை அறுந்து ஓடியது தெரியாமல் நின்றதை நான் பார்த்தேன். அதற்குமுன் அப்படி நடந்ததே இல்லை.

மூன்றாவது முறை முட்டையிட்டபோது மோனிஷாவின் வளைகாப்பு நெருங்கிவிட்டது. அக்கா மறுபடியும் தறிகளை நிறுத்தினார். நான் தொட்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தேன். மற்ற வீட்டுத் தறிகள் தூரத்தில் முணுமுணுக்க, பக்கத்தில் நடப்பதெல்லாம் தனித்தனியாகக் கேட்டது. யாரோ கதவைச் சாத்தியது கேட்டது. ஒரு ஆட்டோ போனது. சமையலறையில் ஒரு டம்ளர் விழுந்தது. ஆண் மீன் துள்ளிக் கண்ணாடியில் மோதியது. திரும்பி வந்து கோனில் வாய் வைத்து ஒரு முட்டையைப் பிடுங்கியது. பிறகு இன்னொன்று.

"பாத்துக்க" என்றார் சாரதாமணி அம்மா, வாசற்படியில் நின்றபடி.

அந்த நேரம் பார்த்துப் பிரபாகர் அண்ணன் பொறுமையிழந்து ஒரு தறியை ஓட்டிவிட்டார். வியாபாரிக்குத் துணி முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அக்கா கத்திக்கொண்டே ஓடினார். இரண்டாவது தறியும் ஓடத் தொடங்கியது. நான் தொட்டியைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. தண்ணீரின் மேற்பரப்பு எப்போதும்போல நடுங்கியது. ஆண் மீன் நின்றது. கோனைச் சுற்றி வந்தது. பிறகு முட்டைகளுக்கு நேராக நின்று விசிறத் தொடங்கியது.

அக்கா கணவரோடு சண்டைபோட்டபடி திரும்பிப் பார்த்தார். நான் உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினேன். சரியாக ஓடுகிறது, கை வைக்காதே. அவருக்கு முதலில் புரியவில்லை. வந்து குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்து நான்கு விரல் காட்டினார். நான்கையும் ஓட்டு.

அந்த மீன்கள் குஞ்சாக இருந்ததிலிருந்து தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவை. அது நின்றால்தான் அவற்றுக்குப் பயம். நாங்கள் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு பயமுறுத்தியிருக்கிறோம்.

முட்டை பொரிந்தது. கோன் முழுக்க நூல் பிசிறு மாதிரி வால்கள் துடித்தன. இன்னும் நீந்தத் தெரியாத குஞ்சுகள். அப்போதுதான் செய்தித்தாளில் மின்தடை அறிவிப்பு வந்தது. மோனிஷா வரும் அதே நாள்.

பிரபாகர் அண்ணன் ஜெனரேட்டருக்கு அலைந்தார். முகூர்த்த நாள் என்பதால் எதுவும் கிடைக்கவில்லை. நான் தறிச் சத்தத்தைப் போனில் பதிவு செய்து, ஸ்பீக்கர் ஒன்றை இரவல் வாங்கி வைத்திருந்தேன்.

காலையில் மின்சாரம் போனது. நான்கு தறிகளும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. ஸ்பீக்கரைப் போட்டேன். நமக்குத் தறி மாதிரிதான் கேட்டது. ஆனால் சுவர் அதிரவில்லை, தண்ணீர் நடுங்கவில்லை. ஆண் மீன் மூலைக்கு மூலை பாய்ந்தது. பெண் மீன் கோனை நெருங்கி, ஒரு கொத்துக் குஞ்சுகளை வாயில் அள்ளியது.

"போச்சு" என்றேன்.

"முழுங்கலை. வாய் மூடலை பாரு" என்றார் அக்கா. உண்மைதான். அதன் தாடை உப்பியிருந்தது. பாதுகாப்பான இடம் தேடிக் குஞ்சுகளை வாயில் தூக்கிப்போவதும் உண்டு. தூக்கியதா, தின்னப்போகிறதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அதற்கே தெரிந்ததா என்பதும் சந்தேகம்.

சாரதாமணி அம்மா என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். "ஒடம்பெல்லாம் நடுங்குதே" என்றார். தொட்டி வந்த நாளிலிருந்து அவர் அவ்வளவு பக்கத்தில் வந்து பார்த்ததில்லை. நேராகத் தறிக்கூடத்துக்குள் போனார்.

இழை அறுந்தால் சரி செய்வதற்காகத் தறிச் சக்கரத்தைக் கையால் சுற்றுவது உண்டு. ஒரு சுற்று, இரண்டு சுற்று, அவ்வளவுதான். அந்த அம்மா முதல் தறியில் தாரைச் சுமந்து குறுக்கே ஓடும் நாடாவை வெளியே எடுத்து வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகி, சக்கரத்தை இரண்டு கையாலும் சுற்றத் தொடங்கினார். பலகை முன்னால் வந்து மோதியது. தடக். மறுபடியும் தடக்.

"டேய் பிரபாகரா, வேடிக்கையா பாக்கற? அடுத்த தறியைச் சுத்து."

அண்ணன் ஓடினார். நானும் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு மூன்றாவது தறிக்குப் போனேன். இரும்புச் சக்கரம் கனமாக இருந்தது, கை எரிந்தது. அக்கா மட்டும் தொட்டியின் முன்னால் அசையாமல் நின்றார். எங்கள் மூவரின் கண்ணும் அவர் கைமேல் இருந்தது. கை தொங்கியபடியே இருந்தது. சுற்றினோம். அண்ணனின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. கை இன்னும் தொங்கியபடியே இருந்தது.

பிறகு அது மெல்ல உயர்ந்தது. உள்ளங்கை கவிழ்ந்து ஆடியது.

பெண் மீன் குஞ்சுகளைக் கோன்மேலேயே துப்பிவிட்டிருந்தது. எல்லாம் இருந்தனவா, ஒன்றிரண்டு போயினவா, தெரியாது. ஆனால் கோன் வெறுமையாகவில்லை.

மின்சாரம் வரும்வரை ஆள் மாற்றி ஆள் சுற்றினோம். மத்தியானம் ஆட்டோ வந்து நின்றது. வளையல் நிறைந்த கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மோனிஷா உள்ளே வந்தாள். "கரண்டே இல்லாம என்னம்மா நெய்யறே? நூலும் ஓடலை" என்று கேட்டாள்.

சாரதாமணி அம்மா சக்கரத்தை விடவில்லை. "வந்துட்டியா சாமி. செருப்பைக் கழட்டிட்டு மெல்ல வா. உள்ள சின்னதுங்க இருக்குது" என்றார்.

தொட்டி அதே அலமாரியில்தான் இருக்கிறது. எல்லா மீனும் இப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. இந்த இரண்டு மீன்களைப் பற்றி மட்டும் தெரியும். ஜோதி அக்கா அன்று கேட்ட கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இவ்வளவுதான். உங்கள் தெருவில் யாராவது, பெற்றதைத் தின்கிற மீன் ஆகாது என்று தொட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், அவர்களை ஒரு நிமிடம் நிறுத்தி இதைச் சொல்லுங்கள். அவர்கள் இன்னொருவருக்குச் சொல்லட்டும்.