பாறையடியில் வெந்நீர்

போடிமெட்டு மலையில் எங்களைக் குளிக்கக் கூட்டிப்போன மனிதர் ஒரு தண்ணீர்த் திருடர் என்று நான் நம்பினேன். அதற்கு முன்னால், அந்த மலையில் வெந்நீர் ஊற்று இருக்கிறது என்பதையும் நம்பியிருந்தேன். ஒரே நாளில் இரண்டு மடத்தனம் என்பது எனக்கே கொஞ்சம் அதிகம்தான்.

ஊற்று ஆசையைக் கிளப்பியது மச்சான், என் மனைவியின் அண்ணன். வடக்கே வேலை பார்த்த இடத்தில் வெந்நீர் ஊற்றில் முங்கி எழுந்ததும் தோள்வலி பறந்துவிட்டதாம். லீவுக்கு ஊர் வந்தவுடன் வலியும் வந்துவிட்டது. இவ்வளவு பெரிய மலையில் எங்காவது ஒன்று கொதிக்காமலா இருக்கும் என்று என் பழைய காரில் ஏறி உட்கார்ந்துகொண்டார். கம்பத்திலிருந்து கிளம்பி, போடி தாண்டி, நாலைந்து வளைவு ஏறியதும் ஒரு டீக்கடை. அங்கே பொதுவாக ஒரு கேள்வியைப் போட்டார்.

"இங்கன வெந்நீர் ஊத்து ஏதும் இருக்கா?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் இடுப்பில் அரிவாள் செருகியிருந்தார். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தார். "ஊத்துன்னு சொல்ல முடியாது. உச்சிப்பொழுது சாய்ஞ்சு வந்தா சூடா விழும். நான் அங்கனதான் போறேன். நடப்பீகளா?"

நடந்தோம். அவர் ஆடு மாதிரி ஏறினார். நாங்கள் ஆடு சுமந்தவர்கள் மாதிரி ஏறினோம். பாதி வழியில் அவர் பாதையை விட்டு விலகி, சருகை ஒதுக்கினார். அடியில் தண்ணீர் போகிற ஒரு கறுப்பு ஓஸ். அதன் மூட்டைத் தடவினார், மேலும் கீழும் பார்த்தார், திரும்பவும் சருகை மூடினார். சரி, ஒரு தடவை. ஐந்தாவது தடவையும் அதையே செய்தபோது நான் இரண்டடி பின்தங்கினேன். அப்போதுதான் அவர் சீட்டி அடித்தார். கீழே எங்கிருந்தோ பதில் சீட்டி வந்தது.

என் பயத்துக்குக் காரணம் அரிவாள் இல்லை. எங்கள் ஊர் வாய்க்கால் பாசன சங்கத்துக்கு நான் செயலாளர். அடுத்தவர் முறையில் மடையைத் திறந்தவரைக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்பது என் வேலை. போன வாரம்தான் என் சொந்தச் சித்தப்பாவையே நிறுத்தியிருந்தேன். திருட்டுத் தண்ணீரில் நான் குளித்து மாட்டினால், அப்புறம் எந்த மடைப்பக்கம் தலைகாட்டுவது?

"மச்சான், ஆளு சரியில்ல. ஊரான் ஓஸை மூட்டு மூட்டாத் தடவிப் பாக்குறாரு."

"மாப்ள, சங்கத்தை மலைமேலயும் நடத்தாத. எனக்குத் தோளு வலிக்குது."

முன்னால் போனவர் திரும்பி, "சத்தம் போடாம வாங்க" என்றார். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

ஒரு பெரிய மொட்டைப்பாறையின் அடியில் நின்றார். ஓஸின் மூட்டைப் பிடுங்கினார். தண்ணீர் பீய்ச்சியடித்தது. மச்சான் தோளைக் கொடுத்து உட்கார்ந்து, "ஆகா" என்று கண்ணை மூடினார். நான் விரலை நீட்டினேன். சுட்டது. சத்தியமாகச் சுட்டது. சட்டையைக் கழற்றினேன். சந்தேகமெல்லாம் மனசுக்குத்தான், முதுகுக்கு அது தெரியாது.

முதுகு நனைந்து முடிப்பதற்குள் சருகு மிதிபடும் சத்தம். பேண்டில் ஒரு காலை மட்டும் நுழைத்துக்கொண்டு பாறைக்குப் பின்னால் ஒளிந்தேன். அடுத்த சங்கக் கூட்டத்தில் சித்தப்பா எழுந்து, "செயலாளர் கொஞ்சம் எந்திரிச்சு நிக்கட்டும்" என்று சொல்வது காதிலேயே கேட்டது. இனி ஒளிந்து பயனில்லை. கைகூப்பிக்கொண்டு வெளியே வந்து, யாரும் கேட்காத வாக்குமூலத்தைக் கொடுத்தேன்.

"எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க. ஓஸைப் பிடுங்குனது அவரு, குளிச்சது இவரு. நான் சும்மா நின்னேன்."

சொல்லும்போது என் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எதிரே தூக்குவாளியோடு நின்றது ஒரு பெண். என்னைப் பார்த்துவிட்டு, எங்களைக் கூட்டிவந்தவரிடம் கேட்டார்.

"யாரு இவுக? என்ன சொல்றாக?"

"தெரியல புள்ள. டீக்கடையில நல்லாத்தான் இருந்தாக."

மச்சான் கண்ணைத் திறக்காமலே சிரித்தார். பிறந்ததிலிருந்து எனக்காகச் சேர்த்துவைத்த சிரிப்பு மாதிரி இருந்தது.

நடந்தது இதுதான். ஓஸ் அந்த மனிதருடையது. அது போய்ச்சேரும் ஏலத்தோட்டமும் அவருடையது. மூட்டில் ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார். கீழிருந்து சீட்டி அடித்தது சோறு கொண்டுவந்த அவர் மனைவி. சத்தம் வேண்டாம் என்றது மேலே பாறையில் தொங்கிய தேன்கூட்டுக்காக. காலையிலிருந்து அடைத்த ஓஸ் பாறைமேல் வெயிலில் கிடந்தால் உள்ளே நிற்கிற தண்ணீர் கொதித்துப்போகும். அதை அப்படியே விட்டால் ஏல நாற்று கருகிவிடும் என்று தினமும் அந்த இடத்தில் கொட்டிவிடுவார். பத்து நிமிடத்தில் தண்ணீர் சில்லிட்டது. அவர் மூட்டைத் திரும்ப மாட்டினார். தண்ணீர் நாற்றுக்குப் போனது.