சுவரில்லாத கிருமிக்கு இருபத்தொரு மாத்திரைகள்

ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் எங்கள் வீடு நான்காவது மாடியில் இருக்கிறது. எழுபத்திரண்டு படிகள், லிஃப்ட் கிடையாது. சென்ற ஆண்டு என் மனைவிக்கு இருமல் வந்தபோது முன்னறையில் மகளின் நாற்பது நாள் குழந்தை இருந்தது. அதனால் நாங்கள் இருவரும் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். பத்தடிக்கு ஒன்பதடி அறை. நடைவழிப் பக்கம் ஒரு சன்னல், அதில் பதினான்கு கம்பிகள். சாப்பாட்டை மகள் கதவருகே வைத்துவிட்டுப் போவாள்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் டிரெஸராக இருந்தவன் நான். டாக்டர் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாள்களில் காயத்துக்கும் காய்ச்சலுக்கும் மருந்து கொடுத்தது டிரெஸர்தான். உடம்பு கொஞ்சம் தேறியதும் ஆட்கள் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். நான் விடமாட்டேன். எண்ணிக் கொடுத்ததை எண்ணி முடிக்க வைப்பேன். அந்தப் பிடிவாதத்தை வீட்டிலும் காட்டினேன்.

என் பல்வலிக்கு வாங்கிய அமொக்சிசிலின் பிரிக்காமல் கிடந்தது. இருபத்தொன்று. அவளுக்குக் கொடுக்கத் தொடங்கினேன், நாளொன்றுக்கு மூன்று வீதம் ஏழு நாள். நான்காம் நாள் இரவு அவளுக்குக் காய்ச்சல் ஏறியது. டாக்டரிடம் போகலாம் என்று மகள் கதவுக்கு வெளியிலிருந்து கெஞ்சினாள். இன்னும் ஒன்பது பாக்கி இருக்கிறது என்றேன். ஏழாம் நாள் முடிவில் மாத்திரை தீர்ந்தது. அவள் மூச்சு நிமிடத்துக்கு முப்பத்திரண்டு. மருமகனும் கீழ்வீட்டுக்காரரும் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து அவளைப் படியிறக்கினார்கள்.

ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பரிசோதனை முடிவைப் பார்த்த இளம் பெண் டாக்டர், மைக்கோபிளாஸ்மா என்றார். என்ன மருந்து கொடுத்தேன் என்று கேட்டார். சொன்னேன்.

"அங்கிள், அந்த மருந்து கிருமியோட சுவரத்தான் கட்ட விடாம செய்யும். இதுக்குச் சுவரே இல்ல."

பயிற்சிக் காலத்தில் படித்ததுதான், மறந்துபோயிருந்தது. வார்டுக்கு வெளியே உட்கார்ந்து, கைப்பேசியில் தேடிப் படித்தேன். அதற்கு மெல்லிய சவ்வு மட்டும்தான். அந்தச் சவ்வுக்கு வேண்டிய கொழுப்பையும் நம்மிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. உள்ளே வளையமாக ஒரு டிஎன்ஏ, புரதம் செய்யும் நுண்மணிகள். ஒரு முனை மட்டும் கூம்பாக, நடுவில் புரதத் தண்டோடு இருக்கும். அந்த முனையால்தான் மூச்சுக்குழாயைப் பற்றிக்கொள்கிறது. பெருகும்போது முதலில் இன்னொரு முனை முளைத்து மறுகோடிக்கு நகர்கிறது. பிறகு உடல் இரண்டாகப் பிரிகிறது. ஒரு தடவை இரட்டிக்க ஆறு மணி நேரம் போல ஆகுமாம்.

கணக்குப் போட்டேன். ஏழு நாளில் இருபத்தெட்டு தடவை. ஒரு கிருமி இருபத்தாறு கோடியைத் தாண்டிப் பெருகியிருக்கும். நான் கொடுத்த இருபத்தொன்றும் சேர்ந்து அதில் ஒன்றைக்கூடத் தடுத்திருக்காது.

புரதம் செய்யும் அந்த நுண்மணிகளை முடக்கும் வேறு மருந்து கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தோம். இருமல் முழுதாகப் போகாததால் மறுபடி அதே அறை, அதே கதவு. கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு அவள் நெஞ்சையே பார்த்திருந்தேன். இருபத்தாறு. இருபத்தைந்து. மறுபடி இருபத்தாறு.

"எண்ணாதீங்க. நீங்க பாக்குறப்பதான் எனக்கு மூச்சு அடைக்குது" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள்.

திரும்பிப் படுத்துக்கொண்டேன். மூன்று நாள் அப்படியே. பார்க்கவும் கூடாது, வெளியே போகவும் முடியாது.

நான்காம் நாள் காலை பக்கத்து வீட்டுப் பெண் சன்னலருகே வந்து நின்றாள். "அக்கா, டிரெஸர் இருக்காரா? பிள்ளைக்கு ஒரே இருமல் லா. மாத்திரை ஏதும் இருந்தா..."

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். என் மனைவி என் தோளை அழுத்தி, வெளியே தெரியாதபடி படுக்க வைத்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பினாள்.

"டிரெஸர் இல்லம்மா. பிள்ளைய நேரா கிளினிக்குக்குக் கொண்டு போங்க. வீட்ல இருக்குற மருந்தெல்லாம் குடுக்காதீங்க."

பதினோரு சொற்கள். இடையில் ஓரிடத்திலும் அவள் மூச்சு வாங்கவில்லை. இல்லாத டிரெஸராகிய நான் அசையாமல் படுத்திருந்தேன்.