கரைக்குக் கூப்பிடுகிறவள்

பாஞ்சாலி என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி வண்டிமேல் மல்லாக்க விரித்தாள். பாக்கெட்டில் விரலை ஊன்றி, “இது அந்தமானு சார். முந்தாநேத்து புயலு இங்கதான் பொறந்துச்சு,” என்றாள். எதிர்ப்பக்கத்துக் கையை நீவிவிட்டு, “இது பூரா தமிழ்நாட்டுக் கரை.” நடுவில் மூன்றாவது பொத்தானைத் தொட்டபோது மட்டும் குரல் இறங்கியது. “இதான் நம்ம நாகேசு கப்பலு.”

“சட்டை எப்ப கிடைக்கும்?” என்றேன்.

“கரை கடக்கட்டும் சார், சொல்ப பொறு,” என்றாள் பாதிக் கன்னடத்தில்.

ஆஸ்டின் டவுனில், தூங்குமூஞ்சி மரத்தடியில் அவள் வண்டி நிற்கிறது. ஐப்பசி பிறந்துவிட்டால் அவளிடம் துணி கொடுத்தவன் பாடு திண்டாட்டம்தான். கிளையில் தொங்கும் ரேடியோவில் வானிலை அறிக்கை தொடங்கியதும் இஸ்திரிப் பெட்டி நின்ற இடத்திலேயே நின்றுவிடும். என் பேன்ட் ஒன்றில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் பழுப்பு நிறத்தில் இன்னமும் இருக்கிறது.

பெங்களூருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மகன்தான் சம்பந்தம். நாகேஷ் சரக்குக் கப்பலில் சமையல்கட்டு எடுபிடி. வங்காள விரிகுடாவில் போய்வருகிற கப்பல். அதனால், எந்தச் செய்தியைக் கேட்டு ஊரே பெருமூச்சு விடுமோ அதைக் கேட்டு இவளுக்கு வயிறு எரியும்.

“கடல்லயே வலுவிழந்துடுச்சாம், கரைக்கு ஆபத்து இல்லியாம். அப்ப கடல்ல கீறவன் மனுசன் இல்லியா? அவன் தலைமேலதானே அது ஆடிட்டுச் செத்துச்சு?”

நடுக்கடலிலேயே பிறந்து, பெருத்து, கரையைப் பார்க்காமலேயே செத்துப்போகிற புயல்களைப் பேப்பர்காரர்கள் மறுநாளே மறந்துவிடுவார்கள். அப்போதெல்லாம் அவற்றுக்குப் பெயர்கூடக் கிடையாது. இவள் ஒன்றையும் மறக்கமாட்டாள். “போன கார்த்திகையில ஒண்ணு வந்துச்சே, ஒத்தக் கண்ணு, வடக்கப் போறேன்னு கெளம்பிட்டுத் திரும்பி வந்து மண்டையப் போட்டுச்சே” என்று ஒன்றுவிட்ட சித்தப்பாவைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவாள்.

“சூடான கடலுதான் சார் அதுக்குக் கரி. தின்னத் தின்னக் கனியும். தரைக்கு வந்தா கரிக்கு எங்க போவும்? அவிஞ்சுடும்.” இது நாகேஷ் லீவில் வந்தபோது சொல்லிக்கொடுத்த பாடம். அதோடு நிறுத்தியிருக்கலாம். கப்பலில் கருவாடு வறுத்தால் புயல் வாசனை பிடித்துத் துரத்தும் என்பது இவளே சேர்த்துக்கொண்டது. எப்படியோ, புயல் சீக்கிரம் கரையேறித் தொலையவேண்டும். அவளுக்கு வேறு வேண்டுதலே கிடையாது.

வம்பு என்னவென்றால், அந்தக் கரையில்தான் அவள் அக்கா இருக்கிறாள். கடலூரில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கு வாக்கப்பட்ட கன்னியம்மா. கடலைப் பார்த்த ஓலை வீடு. புயல் கடலிலேயே செத்துப்போகவேண்டும் என்பது அவளுடைய வேண்டுதல். தெருமுனையில் டென்சில் வைத்திருக்கும் எஸ்.டி.டி. பூத்தில் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பாஞ்சாலி ஐஸ் கம்பெனி போனுக்குக் கூப்பிட்டு அக்காவோடு பேசுவாள். என்ன பிரயோஜனம்? தெருவே கேட்கும். அக்காவின் குரலோ ரிசீவரைத் தாண்டி வரும்.

“யக்கா, உன் கூரை போனா வேற வேயலாம். என் புள்ள போனா?”

“அவன் இரும்புக் கப்பல்ல கீறான். நான் ஓலைக்குள்ள கீறேன்டி, பாவி!”

இந்த ஐப்பசிப் புயலுக்கு இருவரும் பிறந்த வீட்டுக் குலதெய்வத்திடம் போய்விட்டார்கள். இருவருக்கும் ஒரே குலதெய்வம். பாஞ்சாலி அங்காளம்மனுக்குச் சேவல் நேர்ந்துகொண்டாள், கரைக்கு அனுப்பச் சொல்லி. கன்னியம்மா கெடா நேர்ந்தாள், அனுப்பாதே என்று. காதில் விழுந்ததும் இவள் கெடாவோடு தீமிதியும் சேர்த்தாள். ஏலம் இப்படி ஏறிக்கொண்டே போக, புயல் நடுக்கடலில் அசையாமல் நின்றுவிட்டது. ரேடியோவும் “அதே இடத்தில் நிலைகொண்டுள்ளது” என்றே ஓதிக்கொண்டிருந்தது.

“ஆத்தா என்னா சார் பண்ணுவா? ரெண்டும் அவ பொண்ணுங்க. யார் பேச்சக் கேப்பா? அதான் ஒண்ணும் தோணாம நிக்கிறா.”

“நான் மேரி மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்திட்டேன் மேன்,” என்றார் டென்சில். “எந்த சைடும் சொல்லல. நீங்களே பாத்துக்கங்கோன்னு வுட்டுட்டேன்.”

மறுநாள் மத்தியானம் புயல் நகர்ந்தது. கடலூரை நோக்கி நகர்கிறது என்று ரேடியோ சொன்னதும், “வந்துச்சு பாத்தியா! என் ஆத்தா!” என்று கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கை இறங்குவதற்குள் முகம் செத்துவிட்டது. பூத்துக்கு ஓடினாள். பெட்டியைச் சட்டையிலிருந்து தூக்கி வைத்துவிட்டு நானும் ஓடினேன்.

“யக்கா, கெளம்பிடு! மாமாவ இட்டுக்கினு பஸ் ஏறி இங்க வந்துடு!”

“நீதானே கூப்ட்டே? நீயே வந்து ஆரத்தி எடு!”

லைன் அறுந்தது. திரும்பத் திரும்ப நம்பரை அமுக்கினாள், கிடைக்கவில்லை. “வேணாம் ஆத்தா, தெரியாம கேட்டுட்டேன், அங்கயே நிறுத்திக்க” என்று ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அத்தனை நாள் கேலி பேசிய எனக்கே பாவமாக இருந்தது.

ரிசீவரை வைத்த கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. அக்கா என்று பாய்ந்து எடுத்தாள். நாகேஷ்.

“விசாகப்பட்டணம் ஹார்பர்லதான்மா கீறோம். புயல்னு சொல்லி அஞ்சாறு நாளா கப்பல வெளிய வுடல. சும்மா குந்திக்கினு வெங்காயம் உரிக்கிறேன்.”

பாஞ்சாலி ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து உற்றுப் பார்த்தாள். “கட்டையில போறவனே, இத மொதல்லயே சொல்றதுக்கு என்னாடா கேடு!” என்று கத்தினாள். பிறகு அங்கேயே, டென்சிலின் ஸ்டூலில், தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

அன்று ராத்திரியே புயல் கடலூரில் கரையேறியது. கரையேறிச் செத்த புயல் கடைசியில் எங்கள் ஊருக்குத்தான் வரும், தூறலாக. அடுத்த நாள் முழுக்கத் தூறியது. சாயங்காலம் அந்தத் தூறலில் கன்னியம்மா வந்து சேர்ந்தாள். மிச்சம் மீதியைப் பார்த்துக்கொள்ளப் புருஷனை விட்டுவிட்டு, ஒரே ஒரு மூட்டையோடு வந்திருந்தாள். தலைமுடியைப் பிடித்துக்கொள்ளப்போகிறார்கள் என்று நான் வண்டிக்குப் பின்னால் பத்திரமாக ஒதுங்கினேன்.

“கூரை போச்சுடி,” என்றாள் கன்னியம்மா. “செவுரும் போச்சு. இஸ்கூல்ல கெடந்தோம்.” மூச்சு வாங்கினாள். “அத வுடு. புள்ள தப்பிச்சானா? காத்து அடிச்சப்போ நானே ஆத்தாகிட்ட சொல்லிட்டேன், வர்றதுன்னா முழுசா எங்கிட்டயே வந்துடு, அவன வுட்டுடுன்னு.”

பாஞ்சாலி அக்காவின் மூட்டையைக் கையில் வாங்கினாள். “நல்லாக்கீறான்,” என்று மட்டும் சொன்னாள்.

“எங்க இருந்தானாம்?”

பாஞ்சாலி வண்டியிலிருந்த ஊரார் துணிகளை ஒரே தள்ளாகத் தள்ளினாள். அக்காவின் மூட்டையை அவிழ்த்து, சொட்டச் சொட்ட நனைந்திருந்த ஒரு புடவையை உருவி விரித்து, பெட்டியை வைத்து அழுத்தினாள். குப்பென்று ஆவி எழுந்தது. அந்த ஆவிக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு, தேய்த்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.