வேகம் மனுவேலுடையதா, மலையுடையதா

எண்பதுகளின் தொடக்கத்தில் சேர்வராயன் மலையில் மிக வேகமானவர் யார் என்று எவரும் கேட்டதில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை. மஞ்சக்குட்டை பக்கத்து எஸ்டேட் ஒன்றில் காப்பிக் களத்து மேஸ்திரியாக இருந்த மனுவேல்தான் அவர். இதை யாரும் ஓட்டெடுப்பு நடத்தித் தீர்மானிக்கவில்லை, அளந்தும் பார்க்கவில்லை. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பாதையில், ஒரு கொண்டை ஊசி வளைவில், அவருடைய யெஸ்டி மோட்டார் சைக்கிள் பஸ்ஸை முந்திக்கொண்டு போனதை, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். சரித்திரத்துக்கு அந்தச் சாட்சி போதுமானதாக இருந்தது.

அந்த யெஸ்டியின் சத்தம் இருக்கிறதே, அதை இன்று நினைத்தாலும் காது இனிக்கும். வண்டி கண்ணில் படுவதற்கு வெகு முன்பே சத்தம் வந்து சேரும். ஒண்டிக்கடையில் டீ ஆற்றுகிறவர் அதைக் கேட்டதும் ஒரு கிளாஸை எடுத்துக் கழுவ ஆரம்பித்துவிடுவார். பிறகு புகை வரும். மார்கழி மூடுபனியில் எது மேகம், எது மனுவேல் விட்ட புகை என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்த எண்ணெய்ப் புகை மணம் இன்றைக்கு மலையில் எங்கும் இல்லை. சுகாதாரத்துக்கு நல்லதுதான், மூக்குக்குத்தான் வருத்தம்.

இப்பேர்ப்பட்ட புகழின்மீது கல்லெறிந்தவர் காளியப்பன். மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டுக்கும் ஆள் ஏற்றும் ஜீப்பின் டிரைவர், மனுவேலின் உயிர் நண்பர். ஆகவே அவருக்கு அந்த உரிமை இருந்தது.

"எறக்கத்துல ஆரஞ்சுக் கூடையக் கவுத்து உட்டாக்கூட வேகமாத்தான் போவும்," என்றார் அவர், ஒண்டிக்கடையில் பலர் கேட்க. "அதுக்கு ஆரும் மாலை போடறதில்ல."

"அப்ப நான் ஓட்டறது ஒண்ணுமில்லையா?"

"நீ பிரேக்கத்தான் ஓட்டற மனுவேலு. வண்டிய ஓட்டறது மலை."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மனுவேல் மட்டும் டீயைப் பாதியில் வைத்துவிட்டார். இதற்கு முன் இப்படி ஒரு சந்தேகம் அவருக்கு வந்ததில்லை. தன் வேகம் தன்னுடையதா, இல்லை மலையுடையதா? இறக்கத்தைக் கழித்துவிட்டால் தான் யார்? தவம் இருந்த முனிவர்களுக்கு வர வேண்டிய கேள்வி, காப்பிக் களத்து மேஸ்திரி ஒருவருக்கு வந்துவிட்டது. வீட்டில் மனைவி செல்வமேரி குழம்புக்கு உப்புப் போட மறந்ததுகூட அன்றைக்கு அவருக்குத் தெரியவில்லை. இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

விடை காண வேண்டுமானால் மேடு பள்ளமில்லாத தரை வேண்டும். சேலத்தில் தரை இருந்தது, ஆனால் அதன்மேல் மாட்டு வண்டிகளும் இருந்தன. மெட்ராஸுக்கு அப்பால் சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் பைக் பந்தயம் நடக்கும் என்பதும், பந்தயத்துக்கு முந்தைய வாரம் புதியவர்கள் சொந்த வண்டியைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்க ஒருநாள் விடுவார்கள் என்பதும் பேப்பரில் வந்தது. மனுவேல் பேர் கொடுத்துவிட்டார். காளியப்பன் உடனே பயிற்சியாளர் பதவியை ஏற்றுக்கொண்டார், யாரும் நியமிக்கவில்லை.

முதல் தேவை பயிற்சி நிலம். சேர்வராயன் மலையில் சமதளமாக இருந்தது காப்பி காயப்போடும் சிமெண்டுக் களம் ஒன்றுதான். அதுவோ மாசி மாதம். களம் முழுக்கக் காப்பிப் பழம். நடுவில் காப்பி காய, ஓரத்தில் யெஸ்டி சுற்றியது. காப்பி கிளறும் பெண்களுக்குத் தலைவியான கண்ணாயி, கிளறுகட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டு பார்த்தாள்.

"ஏனுங் மேஸ்திரி, காப்பி இத்தன நாளு தானாத்தான் காஞ்சுது. நீங்க காத்து வீசோணும்னு ஆராச்சும் சொன்னாங்களா?"

"பழகறேன் கண்ணாயி."

"பழகுங்க, பழகுங்க. காப்பித் தூள்ல பெட்ரோல் வாசம் வந்தா, தொரை குடிச்சுப்போட்டு அவரும் நாலு சுத்து ஓடுவாரு."

பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். மனுவேல் மிகுந்த கம்பீரத்துடன் இன்னொரு சுற்றுப் போனார்.

அடுத்தது உடுப்பு. தோல் கோட்டு இல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்களாம். மலையில் இருந்த தோல் கோட்டு ஒன்றே ஒன்று. எப்போதோ ஊர் திரும்பிய வெள்ளைக்காரத் துரை மாதா கோயிலுக்கு விட்டுப்போனது. வருடா வருடம் பாஸ்கு நாடகத்தில் ரோமாபுரிப் படைத்தலைவன் அதைத்தான் போட்டுக்கொண்டு ஆண்டவரைச் சிலுவையில் அறைய உத்தரவிடுவான். அந்தப் படைத்தலைவன் வேடமும் மனுவேலுடையதே என்பதால் கோட்டுக்குச் சிபாரிசு வேண்டியிருக்கவில்லை. தோளில் தைத்திருந்த தகரக் கழுகை மட்டும் பிரிக்க முடியவில்லை.

செல்வமேரி கோட்டைத் துடைத்துக் கொடுத்தாள். "ஏனுங்க, போன வருசம் இதப் போட்டுக்கிட்டு ஆண்டவரயே படாதபாடு படுத்துனீங்க. இந்த வருசம் ஆர என்ன பண்ணப் போறீங்களோ."

"நான் ஆரையும் ஒண்ணும் பண்ணமாட்டேன் மேரி. ஓட்டிப்போட்டு வந்துருவேன்."

"முழுசா வாங்க. அது போதும்."

கடைசிப் பாடம் ஒழுக்கம். காளியப்பன் அதில் மிகக் கண்டிப்பானவர். மலைப்பாதையில் பின்னால் வேகமாக வண்டி வந்தால், முன்னால் போகிறவர் ஓரம் ஒதுங்கி, கையைத் தூக்கி ஆட்டி, போங்க என்று வழி விட வேண்டும். அப்படிச் செய்யாதவனுக்கு ஒண்டிக்கடையில் டீ கிடைக்காது.

"வெளியூருக்குப் போறோம். நம்ம மலைக்குக் கெட்ட பேரு வரக்கூடாது," என்றார் காளியப்பன். "பின்னால எவன் வந்தாலும் கையத் தூக்கி வழி உட்ரு."

களத்தில் மனுவேல் சுற்ற, காளியப்பன் பின்னாலேயே ஓடி வந்து ஹாரன் போலக் கத்த, மனுவேல் கையைத் தூக்கி வழிவிட்டுப் பழகினார். வாரக் கடைசியில், யாராவது பின்னால் இருமினால்கூட அவர் கை தானாக மேலே போனது.

வண்டியும் அவர்கள் இருவரும் காப்பி லாரியில் ஏறி மெட்ராஸ் போனார்கள். பந்தய வண்டி ரோட்டில் ஓடி அலுத்துவிடக் கூடாது என்பது பயிற்சியாளரின் முடிவு.

சோழவரத்தில் மனுவேலுக்கு முதலில் கண்ணில் பட்டது, எதுவுமே கண்ணில் படாததுதான். ஒரு பக்கம் மலைச் சுவர் இல்லை, மறுபக்கம் பாதாளம் இல்லை. ஆகாயம் தரை வரைக்கும் இறங்கியிருந்தது. விதிமுறை பார்க்கிற அதிகாரி கோட்டின் தோளைத் தொட்டுப் பார்த்தார்.

"இது என்ன சார், கழுகு?"

"ரோமாபுரிங்க," என்றார் மனுவேல் அடக்கமாக.

கொடி இறங்கியது. மனுவேல் ஆக்ஸிலேட்டரைப் பூராவும் முறுக்கினார். அடுத்த நொடி பின்னால் ஒரு சத்தம். கை மேலே போனது. அந்த வண்டி தாண்டியது. இன்னொன்று. மறுபடியும் கை. அவர் மிகுந்த மரியாதையுடன் ஒவ்வொருவருக்கும் வழிவிட்டுக்கொண்டே போனார். பந்தயத்தளத்தில் கையைத் தூக்கினால் வண்டி கெட்டுவிட்டது, உதவி வேண்டும் என்று அர்த்தம் என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஓரத்தில் மஞ்சள் கொடிகள் வீசப்பட்டன. எல்லா வண்டியும் வேகம் குறைத்தது. எங்கிருந்தோ ஆம்புலன்ஸ் வந்து அவருக்குப் பக்கத்திலேயே ஓடியது.

"எங்கே சார் அடி?" என்று அதிலிருந்து ஒருவர் கத்தினார்.

மனுவேல் ஆம்புலன்ஸுக்கும் கையைக் காட்டி வழிவிட்டார்.

அவரைக் கூப்பிட்டு நிறுத்தி அதிகாரி விளக்கினார். கடைசிச் சுற்றுகளுக்கு மறுபடி விட்டார், நல்ல மனிதர். இம்முறை மனுவேல் இரண்டு கையையும் எடுக்கவே இல்லை. பெட்ரோல் டேங்கின்மேல் நெஞ்சைச் சாய்த்து, பல்லைக் கடித்து, வண்டியிடம் இருந்ததையெல்லாம் கேட்டார். அதே யெஸ்டி வைத்திருந்த பையன்கள்கூட அவரைத் தாண்டினார்கள். வளைவில் பாதாளம் இல்லாததால் எங்கே பயப்படுவது என்று தெரியாமல் எல்லா இடத்திலும் பயந்து பிரேக் பிடித்தார். எல்லாரும் வந்து நின்று கோட்டைக் கழற்றிய பிறகே அவர் வந்து சேர்ந்தார்.

காளியப்பனிடம் ஒரே வாக்கியம்தான் சொன்னார். "நீ சொன்னது நெசந்தான். மலையோடதுதான்."

இத்தனை நாளாக எந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தாரோ அது கையில் வந்து விழுந்ததும், காளியப்பனுக்கு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சேலம் வரை லாரி ஓட்டுகிறவரிடம் ஒரு குறைகூடச் சொல்லாமல் வந்தார். லாரி டிரைவர் அவருக்குக் காய்ச்சலோ என்று பயந்தார்.

ஒண்டிக்கடையில் கூட்டம் காத்திருந்தது.

"கடைசியா வந்தேனுங்க," என்றார் மனுவேல். "எறக்கத்துல ஓட்டுனது நானில்ல, மலைதான்."

"அவன் பேச்ச உடுங்க," என்று காளியப்பன் குறுக்கே விழுந்தார். "அத்தன வண்டியும் இவன் கையத் தூக்குனதும் நின்னு போச்சு. ஆம்புலன்சே பக்கத்துல தொணைக்கு ஓடுச்சு. இத எங் கண்ணால பார்த்தேன்." இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. பிறகு மனுவேல் பக்கம் திரும்பிக் கோபமாகக் கேட்டார்: "எறக்கத்துல மலை தள்ளுச்சு, சரி. சேலத்துல இருந்து ஏறி வர்றப்ப பஸ்ஸுக்கு முன்னால வந்தியே, அப்ப ஆரு தள்ளுனா?"

ஊரும் அவருடைய ஒப்புதலை ஏற்கவில்லை. இவ்வளவு வேகக்காரனுக்கு எவ்வளவு தன்னடக்கம் பாருங்கள் என்று புகழ் இரட்டிப்பானது. அதற்குப் பிறகு இறக்கத்தில் யாராவது மெச்சினால், "அது மலையோடதுங்க," என்று சொல்லிவிடுவார், அதையும் மெச்சினார்கள்.

அடிவாரத்திலிருந்து தனியாக ஏறி வரும் நாட்களில் மட்டும், முன்னும் பின்னும் வண்டி இல்லாத வளைவு பார்த்து, அவர் கொஞ்சம் கூடுதலாக முறுக்கிப் பார்ப்பார். வண்டி முனகிக்கொண்டே ஏறும். எதுவும் தள்ளவில்லை என்று உறுதி செய்துகொள்வதுபோல ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொள்வார்.