நான் முறித்த காலுக்கு அம்மா வைத்த நேர்த்தி

அன்பான சகோதரங்களே, சாட்சி சொல்ல வருகிறவர்கள் தமக்கு வந்த நோயைச் சொல்வார்கள், தமக்கு வந்த ஆபத்தைச் சொல்வார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை. நான்தான் இன்னொருவனுக்கு ஆபத்தாகப் போய் நின்றேன். மலாயாவில் பந்தடித்த காலத்தில் ஓஸ்மான் என்ற பொடியனின் காலை நான் முறித்தேன். அந்தக் காலை முழங்காலுக்கு மேலே வெட்ட வேண்டிவரும் என்று டாக்குத்தர் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணாடி பார்க்கவும் வெட்கமாக இருந்தது. அந்தக் குழிக்குள் இருந்து மாதா எங்கள் இருவரையும் எப்படித் தூக்கி எடுத்தா என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

எனக்கு ஊர் கரம்பொன், கடல் சூழ்ந்த ஒரு தீவுக் கிராமம். அறுவடை முடிந்த வயலில், நெல்லின் அடிக்கட்டை காலில் குத்தக் குத்தப் பந்தடித்துப் பழகியவன். படிப்பு ஓடவில்லை, பந்து ஓடியது. முப்பதுகளின் தொடக்கத்தில் ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு ஈயச் சுரங்கக் கொம்பனி என்னைக் கூப்பிட்டது. பேருக்கு ஸ்டோரில் கிளாக்கர். உண்மையில் கப்பலேற்றியதும் சம்பளம் தந்ததும் பந்தடிக்கத்தான். நான் இடதுபக்க பாக். கோல் காப்பவனுக்கு முன்னால் நின்று, பந்தோடு வருகிறவனை மறிக்கிற வேலை. கோல் போடுகிறவனைத் தோளில் தூக்குவார்கள். பாக்கை யாரும் தூக்குவதில்லை, பிழைவிட்டால் மட்டும் பேர் சொல்லி ஏசுவார்கள்.

ஆனாலும் என்ன காலம் அது! சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு மழை தப்பாமல் வரும். செம்மண் மைதானம் சேறாகும். சீனன் கோல் காப்பான், நான் மறிப்பேன், பஞ்சாபிக்காரன் நடுவில் நிற்பான், மலாய்க்காரன் முன்னால் ஓடுவான், எங்கள் நாலு பாஷையும் கலந்து ஒரு ஏச்சுப் பாஷை உண்டாகியிருந்தது. ஆட்டம் முடிந்தால் சேற்றோடு சேற்றாக வாங்கில் குந்தியிருந்து, டின்பால் விட்ட கோப்பி குடிப்போம். அந்தக் கோப்பியின் ருசியை நான் அதற்குப் பிறகு எங்கும் காணவில்லை.

முதல் இரண்டு வருடமும் எல்லோரும் வெறுங்காலோடுதான் விளையாடினோம். எங்கள் தீவுப் பொடியளிடம் ஒரு மறிப்பு உண்டு. எதிரி பந்தை உதைக்கக் காலை ஓங்கும்போது, உள்ளங்காலை விரித்துக் குறுக்கே நீட்டுவது. 'கதவடைக்கிறது' என்போம். வெறுங்காலுக்கு அது சுளீரென்று நோகும், அவ்வளவுதான். இருவரும் சிரித்துக்கொண்டு எழும்புவோம். மூன்றாம் வருடம் எங்கள் கப்டன் துரை எல்லோருக்கும் சப்பாத்து வாங்கித் தந்தார். அடியில் கட்டையான தோல் குமிழ்கள் அடித்த சப்பாத்து. போட்டு நாலு கிழமை ஆகவில்லை.

தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை. பட்டணத்து அணியோடு ஆட்டம். அவர்களுடைய ஓரத்து ஆட்டக்காரன்தான் ஓஸ்மான். மலாய்க்காரன், இருபது வயதிருக்கும், தபால்காரன். நாள் முழுக்கச் சைக்கிள் மிதிக்கிற கால். என்னை இரண்டு முறை ஏய்த்துப் போனான். மூன்றாம் முறை பந்தை என் இரண்டு காலுக்கும் நடுவால் விட்டு, அந்தப் பக்கம் போய் எடுத்தான். சனம் கொல்லென்று சிரித்தது. எனக்கு மண்டைக்குள் நெருப்பு. அவன் திரும்ப வந்தான். நான் கதவை அடைத்தேன். காய்ந்த பனைமட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம். அவன் கத்தவில்லை. தன் காலைப் பார்த்துக்கொண்டே கிடந்தான்.

"சப்பாத்துப் பழக்கமில்லை, பாவம், தற்செயலாக நடந்தது" என்றார் துரை. எல்லோரும் ஓம் என்றார்கள். நானும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பாதி உண்மைதான். ஆனால் கோபம் மிச்சப் பாதி. அது எனக்கும் கடவுளுக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலடியில் அவனுடைய அக்கா இருந்தாள். அவன் காய்ச்சலில் மயங்கிக் கிடந்தான். "நீ யார்?" என்று கேட்டாள். "கூட்டாளி" என்றேன். அடுத்த நாளும் கேட்டாள், அதையே சொன்னேன். ஆண்டவரைத் தெரியாது என்று மறுத்த அர்ச். இராயப்பர் செய்ததைத்தான் நானும் செய்தேன், சேவல் கூவாததுதான் குறை. இரண்டு கிழமையில் காயத்துக்குள் நஞ்சு பிடித்தது. இன்னும் ஒரு கிழமை பார்ப்போம், வரும் வெள்ளிக்குள் காய்ச்சல் இறங்காவிட்டால் வெட்டத்தான் வேண்டும் என்றார் டாக்குத்தர். கால் இல்லாத தபால்காரன்! அந்த அக்கா என் கையைப் பிடித்து அழுதாள். என் கையை!

அன்றே தந்திக் கந்தோருக்கு ஓடினேன். எங்கள் ஊர் மாதாவிடம் ஒரு வெள்ளிக் கால் நேர்த்தி வைக்கும்படி அம்மாவுக்குத் தந்தி எழுதினேன். கந்தோரில் இருந்தவர் வட்டுக்கோட்டைப் பக்கத்து மனுஷன். வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"தம்பி, கால் ஆபத்தெண்டு போட்டிருக்கிறீர். ஆற்ரை காலெண்டு போடேல்லையே?"

"அது அம்மாவுக்கு விளங்கும், அண்ணை."

"விளங்காது. உம்மடை காலெண்டெல்லோ மனுசி நினைக்கும்?"

"நினைக்கட்டும், அனுப்புங்கோ" என்றேன். தன் மகன் ஒருவனின் காலை முறித்துவிட்டான் என்று அம்மா ஊர்முழுக்கச் சொல்லி அழுவதை விட, என் கால் முறிந்தது என்று அழட்டும் என்று நினைத்தேன். பாருங்கள், செபம் கேட்கும்போதும் கள்ளம்.

புதன்கிழமை ஈப்போக் கோவிலில் முழந்தாளில் இருந்து, "என்ரை காலை எடு, அவன்ரை காலை விடு" என்று கெஞ்சினேன். போய்ச் சொல்லு, போய்ச் சொல்லு என்று மட்டும் நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. வியாழன் மத்தியானம் போனேன். அவன் விழித்திருந்தான். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், அக்காவுக்கு முன்னாலேயே சொன்னேன். நான்தான் அடித்தேன். சப்பாத்து இல்லை, கோபம்.

அக்கா எழும்பி வெளியே போய்விட்டாள். ஓஸ்மான் என் பக்கம் முகத்தைத் திருப்பினான். பிறகு, "உன் முகத்தை அன்றைக்கே பார்த்தேன். ஏன் இவ்வளவு நாள் எடுத்தாய்?" என்றான். தண்ணீர் கேட்டான். நான் கோப்பையைப் பிடித்தேன், குடித்தான். நான் குழந்தைபோல விம்மி அழுதேன்.

அன்று பின்னேரம் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. வெள்ளி காலை டாக்குத்தர் காலை அமத்திப் பார்த்தார், மூக்கை வைத்து மணந்து பார்த்தார், "பொறுப்போம்" என்றார். கால் தப்பியது. கொஞ்சம் சரித்துத்தான் நடப்பான், ஆனால் வருடம் திரும்புவதற்குள் சைக்கிளில் ஏறிவிட்டான்.

நான் ஊருக்கு லீவில் வந்தது அதற்கும் ஒரு வருடம் கழித்து. ஊர்காவற்றுறைத் துறையில் பாதிக் கரம்பொன் நின்றது, மாதா சுகப்படுத்திய காலைப் பார்க்க! அம்மா எல்லோருக்கும் முன்னால் குனிந்து என் வேட்டியை விலக்கினா.

"எந்தக் கால் ராசா?"

"இடது" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். அவ அதைத் தடவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டா.

வீட்டுக்கு வந்து குசினியில் சோறு போடக் குந்தினபோதுதான் அவவின் முழங்கால்களைக் கண்டேன். இரண்டும் தோல் உரிந்து ஆறி, கருத்துக் கட்டிபட்டுக் கிடந்தன. தந்தி வந்த நாளிலிருந்து பின்னேரம் பின்னேரம் கோவில் வாசலில் இருந்து பீடம் வரைக்கும் முழந்தாளில் போயிருக்கிறா. நான் சுகம் என்று எழுதிய பிறகும், நன்றிக்கு என்று நிற்பாட்டாமல் போயிருக்கிறா. பிசைந்த சோறு கையிலேயே இருந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அம்மா அகப்பையை வைத்துவிட்டு என் கன்னத்தில் ஓங்கி ஒன்று தந்தா. இருபத்தாறு வயதில் வாங்கின அடி.

"அந்தப் பொடியன்ரை பேர் என்ன?"

"ஓஸ்மான்."

"எத்தினை நாள் உன்ரை பேரைச் சொல்லி மண்டாடினனான்! நீ பொய் சொல்லியும், நான் பேர் தெரியாமல் அழுதும், மாதா ஆள் மாறாமல் குடுத்திருக்கிறா." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டா. "நாளைக்குப் பூசைக்கு வா. சப்பாணி மாதிரி வாசலிலையிருந்து நீ போ. ஏனெண்டு சனம் கேட்டால் உள்ளதைச் சொல்லு."

போனேன். கேட்டார்கள், சொன்னேன். சிலர் சிரித்தார்கள், சிலர் முகத்தைத் திருப்பினார்கள். அம்மா, நான் வரும் வரைக்கும் வைத்திருந்த வெள்ளிக் காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்துவந்தா.

யப்பான்காரன் வரும் வரைக்கும் மலாயாவில் மறித்து விளையாடினேன். ஒருவனுக்கும் கதவடைக்கவில்லை, அதனால் எத்தனையோ கோல் விட்டேன், ஏச்சும் வாங்கினேன். பரவாயில்லை. யுத்தம் முடிந்து நான் ஊர் திரும்புவதற்கு முதலே அம்மா கண்ணை மூடிவிட்டா.

என் சகோதரங்களே, உங்களால் அடிபட்ட ஒருவர் எங்கேயோ இருப்பார். வெட்கத்தில் செபிக்காமல் விடாதேயுங்கள், செபித்துவிட்டுப் போகாமலும் விடாதேயுங்கள். அம்மாவின் கடைசி நாட்களில் பக்கத்தில் இருந்த என் தங்கச்சி ஒன்று சொன்னாள். அவவுக்கு ஆட்களை இன்னாரென்று மட்டுக்கட்ட ஏலாமல் போய்விட்டதாம். ஆனால் இராச் செபத்தில் பிள்ளைகளின் பேரைச் சொல்லி வரும்போது, என் பேருக்கு அடுத்ததாக ஓஸ்மானின் பேரை ஒரு நாளும் விடவில்லையாம்.